திருகோணமலையில் சின்ன வெங்காயம்: வளர்ப்பு, கறி, கைமருந்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளிக்கு அப்பால் நிலாவெளி, கும்புறுபிட்டி, குச்சவெளி எனக் கடலோர மணலில் சின்ன வெங்காயம் நெடுங்காலமாக நடப்படுகிறது. வீட்டு வளவில் இரண்டு பாத்தி போட்டுப் பார்க்க நினைப்பவர்களும், போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டபடியே எழுதிப் பதில் தருகிறோம். பசளையைப் பற்றி இதில் குறைவாகத்தான் இருக்கும். தண்ணீரைப் பற்றியும் காயவைப்பதைப் பற்றியும் கூடுதலாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வெங்காயம் பழுதாவது அந்த இரண்டிலுந்தான்.

சின்ன வெங்காயமும் பம்பாய் வெங்காயமும் ஒரே சாதியா? நல்லாப் பசளை போட்டாச் சின்னது பெருக்காதா?

தாவர இனம் ஒன்றுதான், வளரும் விதம் வேறு. பம்பாய் வெங்காயம் விதையிலிருந்து வந்து ஒற்றைக் கிழங்காகப் பருக்கும். சின்ன வெங்காயத்தின் உள்ளே பல குருத்துகள் இருக்கும். ஒரு கிழங்கை நட்டால் ஒவ்வொரு குருத்தும் தனிக் கிழங்காகி, நாலு முதல் எட்டு வரை சேர்ந்த கொத்தாக வரும். ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். அவைதான் அந்தக் குருத்துகள்.

பசளையைக் கூட்டினால் தாள்தான் பெருக்கும். கழுத்துத் தடித்து, கிழங்கு நாள்பட நிற்காது. பருமனுக்கு ஆசைப்பட்டால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடையில கறிக்கு வாங்கின வெங்காயத்தை நட்டா முளைக்குமா?

முளைக்கும். ஆனால் அது எந்த ஊர், எந்த வர்க்கம், எப்போது கிண்டியது என்று ஒன்றும் தெரியாது. வெங்காயத்தின் மோசமான நோய்களில் இரண்டு கிழங்கோடுதான் வருகின்றன (பின்னால் முறுக்கு நோய், அடியழுகல் என்று வருபவை). ஒரு பூச்சாடிக்குச் சரி, பாத்திக்கு வேண்டாம்.

விதைக்கென வைத்திருப்பவரிடம், தாளோடு கட்டிய பிடியாக வாங்குங்கள். வேதாளன் வர்க்கம் வடக்கிலும் கிழக்கிலும் பழக்கமானது. கிண்டிக் குறைந்தது இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். புதிதாகக் கிண்டிய கிழங்கு உறக்கத்தில் இருக்கும். நட்டால் ஒன்று முளைக்கும், மற்றது பத்து நாள் கழித்து முளைக்கும், இன்னொன்று அப்படியே அழுகும். அழுத்திப் பார்த்தால் கல்லுப்போல இருக்கிற, நடுத்தரப் பருமன் கிழங்காகத் தெரிவு செய்யுங்கள். மிகப் பெரியதை நட்டால் விதைச் செலவு ஏறும், பூத்தண்டும் கூட வரும்.

எந்த மாசம் நடுறது நல்லம்?

தைப்பொங்கல் கழிந்து வாடை மழை ஓயும்போது, அதாவது தை நடுப்பகுதி முதல் மாசி முடிவுக்குள் நடுவதுதான் வீட்டுக்காரருக்கு ஆகச் சுகம். மண்ணில் ஈரம் இருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பயிர் 65 முதல் 75 நாள். ஆகவே சித்திரையை ஒட்டிக் காய்ந்த நாட்களில் கிண்டலாம்.

சித்திரை, வைகாசியில் இரண்டாம் முறை நடலாம். அப்போது கச்சான் காற்று வந்துவிடும். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான காற்று தாளை முறிக்கும். மணலை அள்ளித் தாளில் அடிக்கும். மேற்குப் பக்கம் இடுப்பளவுக்குக் கிடுகு வேலி கட்டினால் பாதிச் சேதம் குறையும். ஐப்பசி முதல் மார்கழி வரை கிழங்குக்காக நட வேண்டாம். தாளுக்காக மட்டும் என்றால் உயர்ந்த பாத்தியில் நடலாம்.

ஒரு பேர்ச் நிலத்துக்கு எவ்வளவு விதை வெங்காயம் வேணும்?

பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு சதுர மீற்றருக்கு 100 கிழங்கு. நடுத்தரக் கிழங்கு ஒன்று 4, 5 கிராம் நிறுக்கும். ஆகவே சதுர மீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். நடைபாதையைக் கழித்தால் பாத்தி 18 சதுர மீற்றர் மிஞ்சும். எட்டு, ஒன்பது கிலோ வாங்கினால் பழுதைக் கழித்த பிறகும் போதும்.

நன்றாக வந்தால் சதுர மீற்றருக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ காய்ந்த வெங்காயம் கிடைக்கும். விதைக்குப் போட்டதோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. பத்து மடங்கு கிடைக்கும் என்று சொல்பவரிடம் விதை வாங்காமல் இருப்பது நல்லது.

நுனியை வெட்டித்தான் நட வேணுமா? எவ்வளவு ஆழத்தில?

காய்ந்த கழுத்தையும் உதிரும் சருகுத் தோலையும் நீக்குங்கள். குருத்து வெளியே தெரியாத கிழங்கானால் மேல் நுனியை மெல்லியதாகச் சீவலாம். முளை ஒரே சீராக வரும். சீவிய வாய் காய ஒரு நாள் நிழலில் பரப்பி வையுங்கள். ஈர வாயோடு மண்ணுக்குள் வைத்தால் அழுகலுக்கு வாசல் திறந்து விட்டதாக அர்த்தம். ஏற்கெனவே பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தால் சீவ வேண்டாம்.

வேர்த்தட்டு கீழே, நுனி மேலே. நுனி மண் மட்டத்தோடு நிற்க வேண்டும். ஆழ வைத்தால் கிழங்கு நீண்டு ஒல்லியாகும். மேலாக வைத்தால் முதல் நாள் தண்ணீரிலேயே சரியும், காகமும் பிடுங்கும். விரலால் குழி போட்டு வையுங்கள். மண்ணில் அழுத்தித் திணித்தால் வேர்த்தட்டு நசியும்.

எங்கட வளவு வெறும் மணல். என்னத்தப் போட்டு மண்ணைத் திருத்துறது?

மணல் வெங்காயத்துக்குப் பிடித்தமான மண். தண்ணீர் தேங்காது, கிழங்கு தடையில்லாமல் பருக்கும், கிண்டுவதும் சுலபம். குறை ஒன்றுதான்: தண்ணீரும் பசளையும் கீழே ஓடிவிடும். வெங்காயத்தின் வேரோ மேல் ஓரடிக்குள்ளேயே நிற்கும், கிளைகளும் குறைவு. ஆகவே அந்த ஓரடியைத்தான் திருத்த வேண்டும்.

சதுர மீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ நன்றாக மக்கிய மாட்டெரு. நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் கலந்து, தண்ணீர் தெளித்து விடுங்கள். கையில் எடுத்தால் சாண மணம் வரக்கூடாது, உதிர வேண்டும். பச்சைச் சாணி போட்ட பாத்தியில்தான் அடியழுகல் முதலில் வரும். சாம்பல் ஒரு கைப்பிடி போதும். மூட்டையாகக் கொட்டினால் மண் காரமாகும்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணி ஊத்துறது?

முதல் இரண்டு கிழமை சதுர மீற்றருக்கு நாளுக்கு 3 லீற்றர், பூவாளியால். பிறகு கிழங்கு பருக்கும் வரை 5, 6 லீற்றர். கச்சான் வீசும் நாட்களில் அதையே இரண்டாகப் பிரித்துக் காலையும் பின்னேரம் நாலு மணிக்கு முன்னும் ஊற்றுங்கள். தம்பலகாமம் பக்கத்துக் களிமண் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் போதும், பாத்தியும் அரையடி உயரமாக வேண்டும்.

சந்தேகமென்றால் ஒரு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈர மணல் விரலில் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். இருட்டிய பிறகு தாளில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு முழுக்க ஈரமாக நிற்கும் தாள்தான் புள்ளி நோய்களுக்கு இடம் கொடுக்கும்.

எங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். வெங்காயம் வருமா?

உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் காய்கறிகளில் வெங்காயமும் ஒன்று. மண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 16 வீதம் இழப்பு. குடித்தால் நாக்கில் உப்பு நன்றாகத் தெரியும் தண்ணீர் வெங்காயத்துக்கு ஆகாது. தாளின் நுனி எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில் கருகினால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள்.

கடலோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. பெரிய மோட்டரால் ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். அதே அளவைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைத்தால் கிணறு பழுதாகாது. ஆடி, ஆவணியில் எந்தக் கிணறும் கூடுதல் உப்பாகும். மாசிக்குள் நடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டவுணில இருக்கிறம், வளவில்லை. மீன் பெட்டியில வளர்க்கலாமா?

மீன் வரும் றெஜிபோம் பெட்டி வெங்காயத்துக்கு நல்ல அளவு: ஓரடி ஆழம் தாராளம், சூடும் ஏறாது. ஆனால் அதில் உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள். இரண்டு மூன்று தரம். அடியில் பெருவிரல் பருமனில் ஆறு ஓட்டை.

மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மாடிப்படி நிழலில் வைத்தால் தாள் கிடைக்கும், கிழங்கு கிடைக்காது.

யூரியா போடாம ஏலாதா?

நல்ல எரு போட்ட சிறு பாத்திக்கு அவசியமில்லை. வெறும் மணலில் தாள் வெளிறினால் சதுர மீற்றருக்கு மொத்தம் 10 கிராம், தட்டையாக ஒரு மேசைக்கரண்டி, யூரியா போதும். பாதியை மூன்றாம் கிழமையும் மீதியை ஐந்தாம் கிழமையும் ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விடுங்கள். ஆறாம் கிழமைக்குப் பிறகு போடவே கூடாது. அப்போது போட்டால் கழுத்துக் காயாது. பிடி கட்டித் தூக்கிய பிறகு ஒவ்வொன்றாக அழுகி விழும்.

தாளெல்லாம் சுருண்டு பாம்பு மாதிரி முறுக்குது. இது என்ன?

முறுக்கு நோய். ஒரு பங்கசுதான் காரணம். தாள் வெளிறிச் சுருளும், கழுத்து வழக்கத்துக்கு மாறாக நீளும், கிழங்கு ஒல்லியாகவே நின்றுவிடும். மழைத்துளி தெறித்துச் செடிக்குச் செடி பரவும். மழைக்காலப் பயிரில் நாலு செடியில் கண்டால் ஒரு கிழமைக்குள் பாத்தி முழுக்கக் காணலாம்.

கண்ட செடியைச் சுற்றிலுமுள்ள செடிகளோடு பிடுங்கி எரித்து விடுங்கள். எருக்கிடங்கில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் நல்லதாகத் தெரியும் கிழங்கையும் கறிக்கு மட்டும் எடுங்கள், விதைக்கு வைக்க வேண்டாம். நோய் அடுத்த போகத்துக்குப் போவது பெரும்பாலும் அப்படித்தான். பெரிய பாத்தியானால் ஒரு முறுக்கிய செடியைப் பையில் கட்டிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். எந்தப் பங்கசுநாசினி, எத்தனை நாள் காத்திருந்து அறுவடை என்பதை அவர் சொல்வார். வெறும் வாய்ச்சொல்லைக் கேட்டு மருந்து அடிக்காதீர்கள்.

தாள் வெளியே பச்சையா இருக்கு, பிடிச்சாக் கண்ணாடி மாதிரி வெறுமையா இருக்கு.

உள்ளே பச்சைப்புழு இருக்கிறது. அந்தத் தாளை நகத்தால் கீறினால் புழுவும் அதன் கரும்பச்சை எச்சமும் தெரியும். தாளின் உட்பச்சையைத் தின்று வெளித்தோலை மட்டும் விடுவதால் அந்தக் கண்ணாடித் தோற்றம். புழு குழலுக்குள் போன பிறகு எந்த மருந்தும் சரியாகப் படாது.

ஆகவே முட்டையிலேயே பிடிக்க வேண்டும். அந்துப்பூச்சி தாளில் கூட்டமாக முட்டையிட்டு வெண்ணிறப் பஞ்சு போன்ற மயிரால் மூடி வைக்கும். காலையில் பாத்தியைச் சுற்றி நடந்து, அந்த வெள்ளைத் திட்டுள்ள தாளை நுனியோடு கிள்ளி நசித்து விடுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் பார்த்தால் வீட்டுப் பாத்திக்கு இதுவே போதும்.

நுனி கருகுறதுக்கு உப்பு எண்டு சொன்னீங்க. வேற காரணம் இல்லையா?

இருக்கிறது. தாளில் நீளவாக்கில் வெள்ளிக் கோடுகள் தெரிந்து பிறகு நுனி கருகினால் அது பனிப்பூச்சி. தாள்கள் பிரியும் கவட்டை விரித்தால் மஞ்சள் நூல் துண்டுகள்போல ஓடும். கச்சான் காலத்து வறட்சியில்தான் பெருகும். காலையில் பூவாளியால் மேலிருந்து பலமாகத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பகுதி கழுவுப்பட்டுப் போகும். குழிந்த வெள்ளைப் புள்ளி நடுவில் ஊதாவாக மாறினால் அது ஊதாப்புள்ளி நோய், இரவு ஈரத்தால் வருவது. 60 நாளுக்கு மேற்பட்ட பயிரில் நுனி மஞ்சளாகினால் ஒன்றுமில்லை, முற்றுகிறது.

செடி திடீரெண்டு வாடுது. பிடுங்கினா அடியில வெள்ளைப் பூஞ்சணம், கடுகு மாதிரி உருண்டை.

அடியழுகல். அந்தக் கடுகு உருண்டைகள்தான் பங்கசின் விதை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். செடியை மட்டும் இழுக்காமல், சுற்றிலும் ஒரு சிரட்டையளவு மண்ணோடு கிண்டி அகற்றுங்கள்.

அடுத்த போகம் அதே இடத்தில் கச்சான் (நிலக்கடலை), மிளகாய், தக்காளி எதுவும் வேண்டாம். இந்த நோய் அவற்றையும் பிடிக்கும், மண்ணில் பெருகும். சோளமோ குரக்கனோ போடுங்கள்.

பூ வந்திட்டுது. கிழங்கு பழுதா?

அந்தக் கொத்தின் கிழங்கு கொஞ்சம் சிறுக்கும், நடுவில் தடித்த தண்டு நிற்பதால் நாள்படவும் நிற்காது. மொட்டு விரியும் முன் தண்டை அடியோடு முறித்து எடுங்கள். அது நட்டமில்லை: பிஞ்சுத் தண்டையும் மொட்டையும் அரை அங்குலத் துண்டாக வெட்டித் தேங்காய்ப்பூ, மஞ்சள், பச்சை மிளகாயோடு வறை வறுத்தால் கறியில் அன்றைக்கு முதலிடம் அதற்குத்தான். விரிந்த பூவின் தண்டு நாராகிவிடும்.

எப்ப கிண்டுறது, எப்பிடிக் காய வைக்கிறது?

பாதிக்கு மேற்பட்ட செடிகளின் தாள் கழுத்தில் மடிந்து தானாகச் சாயும்போது. அதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தாள் பச்சையாக இருக்கிறதே, இன்னும் பருக்கும் என்று தொடர்ந்து ஊற்றுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. ஊற்றினால் தோல் வெடிக்கும், கிழங்கு திரும்ப வேர் விடும்.

பிடுங்கியதை வரிசையாகக் கிடத்துங்கள்: ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் கிழங்கை மூட வேண்டும். நேர் வெயில் பட்ட கிழங்கு ஒரு பக்கம் வெந்து மெத்தென்றாகும். மூன்று நான்கு நாளில் கழுத்து, விரலால் உருட்டினால் ஈரம் கசியாமல் நூல்போல மெலிய வேண்டும். வெளித்தோல் சருகாகிச் சலசலக்கும். அதன் பிறகுதான் மண்ணைத் தட்டி, தாளோடு பிடியாகக் கட்ட வேண்டும். கழுவவே கூடாது.

ஒரு மாசத்தில முளைக்குது, இல்லாட்டி அழுகுது. பிரிட்ஜில வைக்கவா?

வேண்டாம். வெங்காயத்தை உறக்கத்தில் வைப்பது உறைநிலைக் குளிர், அல்லது 25 பாகைக்கு மேற்பட்ட காய்ந்த சூடு. இடைப்பட்ட குளிர்தான் முளையைத் தட்டி எழுப்புவது. பிரிட்ஜில் ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் வெக்கை இந்த ஒரு காரியத்துக்கு உதவியானது. அடுப்படிக் கூரையின் கீழ் கம்பில் தொங்கும் பிடியைச் சுற்றிக் காற்று ஓடினால் மூன்று மாதம் நிற்கும்.

அழுகல் பெரும்பாலும் முன்னைய பதிலில் சொன்ன கழுத்து காயாததால், அல்லது பிந்திப் போட்ட யூரியாவால். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள். வாடைக்காலம் தொடங்கும்போது மிச்சத்தைக் கொட்டி, மெத்தென்றதையெல்லாம் பொறுக்கி விடுங்கள். உரித்த வெங்காயம் வேறு கதை; அதை மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம்.

தாளை வெட்டி வெட்டி எடுத்தாக் கிழங்கு வராதா?

கிழங்கைப் பருக்க வைப்பது தாள்தான். ஒரு செடியில் ஒன்று இரண்டு வெளித்தாள் கிள்ளினால் பாதகமில்லை. மொட்டையாக வெட்டினால் திரும்பத் தளிர்க்கும், கிழங்கு வராது. பாத்தியின் ஒரு கரையை நெருக்கமாக, ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, தாளுக்கென்றே ஒதுக்குங்கள். விதைக்கு உதவாத சிறு கிழங்குகளை அங்கே நடலாம்.

மிக்சியில அரைச்ச சம்பல் ஏன் கசக்குது?

வெங்காயத்தின் காரமும் மணமும் கிழங்கில் அப்படியே இருப்பவை அல்ல. செல் உடையும்போது உள்ளேயிருக்கும் நொதி கந்தகச் சேர்மங்களைத் தொட்டுத்தான் உருவாகின்றன. மிக்சி எல்லாச் செல்லையும் ஒரேயடியாகக் கிழிப்பதால் காரம் மீறிக் கசப்பு வரும். தேங்காய்ச் சம்பலுக்குச் செத்தலையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு தேங்காய்ப்பூ, கடைசியாக வெங்காயத்தைப் போட்டு இரண்டு மூன்று இடி, தேசிக்காய்ப் புளி. வெங்காயம் நசிந்தால் போதும், கூழாகக் கூடாது. கட்டைச் சம்பலுக்கும் இதே ஒழுங்கு. மாசிக் கருவாட்டைச் செத்தலோடு இடியுங்கள்.

சீனிச் சம்பலுக்கு எதிர் முறை. மெல்லியதாக அரிந்து, குறைந்த நெருப்பில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வதக்கினால் நொதி செத்துக் காரம் போய்விடும். வெங்காயத்தின் சொந்த இனிப்பு மேலே வரும். சீனியைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள்.

உரிக்கக் கண் எரியாம ஒரு வழி சொல்லுங்க.

கண்ணை எரிப்பது செல் உடையும்போது எழும் ஒரு வாயு. அதை உண்டாக்கத் தனியாகவே ஒரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீருக்குள்ளேயே உரித்தால் வாயு கரைந்துவிடும், தோலும் வழுக்கி வரும். கத்தி கூராக இருக்க வேண்டும். வேர்ப்பக்கத்தைக் கடைசியில் வெட்டுங்கள்.

தடிமன், இருமலுக்கு வெங்காயச் சாறு உண்மையா வேலை செய்யுமா?

தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். இரண்டு மூன்று வெங்காயத்தை நசித்து, ஒரு தேக்கரண்டி தேனில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தால் ஒரு வேளைக்குப் போதும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பற்றீரியா வித்து அந்த வயதில் உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும்.

தடிமனை அது குணமாக்குவதில்லை, வருத்தம் தன் நாளுக்குத்தான் போகும். மூச்சு இழுத்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். இருமல் இரண்டு கிழமை தாண்டினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பழஞ்சோத்தோட பச்சை வெங்காயம் உடம்புக்குக் குளிர்ச்சி எண்டுறாங்க. சரியா?

வெயிலில் வேலை செய்தவருக்கு உப்பும் தண்ணீரும் தயிரும் ஒன்றாகக் கிடைக்கிற சாப்பாடு அது. வெங்காயத்திலுள்ள ஒருவகை நார்ச்சத்து குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களுக்குத் தீனி. அதே நார்தான் சிலருக்கு வாய்வும் வயிற்று உப்பலும் தருவது. உங்களுக்கு அப்படியானால் பச்சையாக வேண்டாம், தாளின் பச்சைப் பகுதியை எடுங்கள். அதில் அந்த நார் குறைவு. பிள்ளை பெற்றவருக்கு வைக்கும் பத்தியக் கறியில் வெங்காயத்தை வேகவைத்தே சேர்ப்பதும் வயிற்றுக்கு நல்லதுதான்.

காது குத்துக்குச் சாறு விடலாமா? சீழ்க்கட்டுக்கு வைச்சுக் கட்டலாமா? பாம்பு கடிச்சா?

காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சாறு நடுக்காதுக்குள் இறங்கும். வெளியிலிருந்து அது தெரியாது. நசித்த பச்சை வெங்காயத்தைத் தோலில் மணிக்கணக்காகக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் போடும், பிள்ளைகளுக்குச் சீக்கிரம்.

பாம்புக்கடிக்கு வெங்காயம் ஒன்றும் செய்யாது. கசக்கிறதா இல்லையா என்று தின்னக் கொடுத்து விஷம் ஏறியதைப் பார்ப்பதும் வீண் தாமதம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், விஷமுறிப்பு மருந்து அங்கேதான் இருக்கிறது. வளவில் வெங்காயம் நட்டால் பாம்பு வராது என்பதையும் நம்பிப் பற்றையை வெட்டாமல் விடாதீர்கள்.

இரத்தம் உறையாம மருந்து எடுக்கிற ஆள். வெங்காயம் சாப்பிடலாமா?

கறி அளவில் கிழங்கு பிரச்சினையில்லை. வார்பரின் எடுப்பவர் கவனிக்க வேண்டியது தாளை: பச்சைத் தாளில் விற்றமின் கே நிறைய இருக்கிறது, மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஒரு கிழமை தினமும் வறை, மறு கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கிளினிக்கில் சொல்லியும் வையுங்கள். சாறாகப் பிழிந்து தினமும் குடிப்பதை விடுங்கள். சீனி வருத்த மருந்துக்கு வெங்காயம் மாற்று அல்ல.

கடற்கரை மணலில தானா முளைக்கிற காட்டு வெங்காயம் தின்னலாமா? மருந்தெண்டுறாங்களே?

அது நரிவெங்காயம். தின்னக் கூடாது. வெங்காயத்தின் நெருங்கிய சொந்தமும் இல்லை. அதன் கிழங்கில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு: முதலில் வாந்தி, வயிற்றோட்டம், பிறகு நாடித்துடிப்பு குறைந்து தடுமாறும். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து, மிகச் சிறிய அளவில், தேர்ந்தவர்கள் கையாளும் சரக்கு அது. வேகவைத்தால் நச்சுப் போய்விடும் என்பது பிழை.

வேறுபாடு காணுவது கடினமில்லை. அதன் கிழங்கு வெளிறியது, பம்பாய் வெங்காயத்தளவு அல்லது அதைவிடப் பெரிது. இலை தட்டையான பட்டி. வெங்காயத் தாள் குழல். இலையே இல்லாத காலத்தில் மண்ணிலிருந்து ஒற்றைப் பூத்தண்டு மட்டும் எழும். கசக்கினால் வெங்காய மணம் வராது. மணத்தைச் சோதிக்கும் முன் கையைக் கழுவுங்கள். காலையில் வெங்காயம் உரித்த கை எல்லாவற்றையும் வெங்காயம் என்றே சொல்லும். விஷமூங்கில், கார்த்திகைப்பூ ஆகியவற்றின் கிழங்குகளுக்கும் இதே எச்சரிக்கை. யாராவது தின்றுவிட்டால் மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளிநாட்டில மலையில வளர்ற காட்டு வெங்காயம் பற்றிப் பார்த்தன். விதை எடுப்பிச்சு இங்க போடலாமா?

வராது. உதாரணமாக, வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் வசந்தத்தில் இலை விடும் அகன்ற இலை வெங்காயம் ஒன்றைச் சமையலுக்கு எடுக்கிறார்கள். அதன் விதை முளைக்கச் சூடும் பிறகு நீண்ட குளிரும் மாறி மாறி வேண்டும். விதையிலிருந்து அறுவடைக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. நுவரெலியாவின் லீக்ஸே இங்கே வெயிலில் சோரும்போது அதற்கு என்ன வழி? தாளுக்காகப் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் தட்டை இலையும் உள்ளி மணமும் கொண்ட சீனத் தாள் வகை வெக்கையைத் தாங்கும். வேரைப் பிரித்து நட்டால் ஆண்டு முழுக்க வெட்டலாம்.

கழிச்ச தாளையும் தோலையும் மாட்டுக்குப் போடலாமா? நாய் தின்னுதே?

மாட்டுக்குக் கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்து. தீனியில் காற்பங்குக்கு மேல் வெங்காயமானால் இரத்தச் செல்கள் உடைந்து சோகை வரும், சிறுநீர் சிவக்கும். ஆடு இதைவிடக் கூடுதலாகத் தாங்கும், மாடுதான் சீக்கிரம் விழும். முறுக்கு நோய், அடியழுகல் வந்த செடிகளை எந்த விலங்குக்கும் போடாதீர்கள். சாணத்தோடு திரும்பப் பாத்திக்கு வரக்கூடும்.

நாய்க்கும் பூனைக்கும் பச்சையோ சமைத்ததோ கூடாது. நாய்க்கு உடல் நிறையில் கிலோவுக்கு 15 கிராம் முதலே இரத்தத்தில் கேடு தெரியும். பூனைக்கு 5 கிராமே போதும், அதாவது மூன்று கிலோப் பூனைக்கு மூன்று சின்ன வெங்காயம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் சோர்ந்து படுக்கும், முரசு வெளிறும். மீன்குழம்பு மிச்சத்தை வைக்கும்போது வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்தாலும் சாறு குழம்பில் இருக்கும். அதற்குப் பதில் குழம்பில் போடும் முன்பே மீன் தலையைத் தனியாக அவித்து வையுங்கள்.